ஒன்பதாவது கட்டத்தில் கண்மூடுகிறவர்

ஒருவர் கிட்டாரை உறையிலிருந்து எடுக்கும்போது அவர் கையைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். ஆறு வருடங்களாக நான் அதைத்தான் பார்த்துவருகிறேன். உறையின் ஜிப் பாதி தூரம் வரும்வரை அது சாதாரண முகம். சற்று முன்பு இரண்டு முட்டை சாப்பிட்ட முகம், பக்கத்து அறைக்காரன் சொன்ன மட்டமான ஜோக்குக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த முகம். ஜிப் முழுவதும் திறந்ததும் இமைகள் பாதி இறங்கும், உதடு ஒரு பக்கமாகச் சரியும், மூக்கு வழியாக ஒரு நீண்ட மூச்சு வெளியேறும். வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து முதல் தடவை நான் எழுந்து நின்றுவிட்டேன். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அவர் ஏ மைனர் வாசிக்கப் போகிறார்.

வாசகரே, இந்த இனத்துக்குத் துக்கக் கிட்டார்காரர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். மாணவர் விடுதிகள், வாடகை அறைகள், மொட்டை மாடிகள், அலுவலக ஆண்டு விழாக்கள் ஆகியவை இவர்கள் பெருகும் இடங்கள். சாதாரணக் கிட்டார்காரரோடு இவரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சாதாரணக் கிட்டார்காரர் ஒரு பாட்டைக் கற்றுக்கொண்டு அதை வாசிப்பார். பிடித்தால் கேட்கலாம், பிடிக்காவிட்டால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். இவர் வாசிப்பதில்லை. வருந்துகிறார். கிட்டார் அதற்குச் சாட்சி.

எப்படி இப்படி ஆகிறார்கள்? முதல் மூன்று மாதம் எல்லோரையும் போலத்தான் இருப்பார்கள். பிறந்தநாள் பாட்டை நாலு நிமிடத்தில் வாசிப்பார்கள், மெழுகுவர்த்தி உருகி கேக்கில் ஒழுகும். பிறகு ஒருநாள், ப்ளூஸ் என்று ஒன்று இருப்பதாகவும், அது உழைத்து நொந்த மனிதர்களின் வலியிலிருந்து வந்ததாகவும் ஏதோ ஒரு வீடியோவில் கேட்டுவிடுவார்கள். மேஜர் என்றால் சந்தோஷம், மைனர் என்றால் சோகம் என்று அதே வீடியோவில் ஒருவர் போகிற போக்கில் சொல்லியிருப்பார். அவ்வளவுதான். வாழ்நாளில் அவர்கள் மறக்காத ஒரே பாடம் அது.

மைனர் ப்ளூஸ் ரிதத்தில் பெரிய மர்மம் எதுவும் இல்லை என்பதை நான் இங்கே சொல்லியாக வேண்டும். எனக்கு வாசிக்கத் தெரியாது; ஆனால் ஆறு வருடம் ஒரே அறையில் இருந்தால் நாற்காலிக்குக்கூடத் தெரிந்துவிடும். மொத்தம் பன்னிரண்டு கட்டங்கள், கட்டத்துக்கு நாலு தட்டு. முதல் நாலு கட்டம் ஏ மைனர் என்ற விரல்பிடி. அடுத்த இரண்டு டி மைனர். மறுபடி இரண்டு கட்டம் ஏ மைனருக்குத் திரும்பிவர வேண்டும். ஒன்பதாவது கட்டத்தில் எஃப், பத்தாவதில் இ, கடைசி இரண்டுக்கு ஏ மைனரில் வந்து உட்கார வேண்டும். பிறகு முதலிலிருந்து. வலது கை, ஒரு செருப்பின் வார் அறுந்தவர் நடப்பதுபோல, நீளமாக ஒன்று குட்டையாக ஒன்று என்று தட்டிக்கொண்டே போகும். இடது கை அழுத்தி, உடனே தளர்த்தி, ஓசையை அறுத்துவிடும். இதற்கு மேலே வேறொருவர் பாடுவார், அல்லது லீடு என்று தனியாக முன்னால் நின்று வாசிப்பார். நீங்கள் கீழே இருப்பீர்கள். இன்னொருவர் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை அது, வேறொன்றும் இல்லை.

ஆனால் துக்கக் கிட்டார்காரர் இந்தப் பன்னிரண்டு கட்டத்தை வாசிப்பதைவிட வரைவதையே அதிகம் செய்வார். பேருந்துச் சீட்டின் பின்பக்கம் வரைவார், பல் மருத்துவரின் மருந்துச் சீட்டில் வரைவார், எனக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதத்தின் ஓரத்தில் வரைவார். நான் அந்தக் கடிதத்தோடுதான் தேர்வுக்குப் போனேன். “இது என்ன கட்டடத்தோட பிளானா?” என்று கேட்டார்கள்.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆகவே கைவசம் உள்ள ஒரு மாதிரியைக் காட்டுகிறேன். என் அறைத்தோழன். கல்லூரி விடுதியில் அவனுக்குக் கவலை என்று பெயர் வைத்தார்கள். வேலைக்கு வந்து வாடகை அறை எடுத்த பிறகும் அந்தப் பெயர் எங்களோடு குடிவந்துவிட்டது. கவலை குளிச்சாச்சா, கவலை இன்னும் தூங்குது, கவலைக்கு ஒரு டீ சொல்லு என்றெல்லாம் சொல்லிச் சொல்லி எங்களுக்கு அதன் அர்த்தமே மறந்துபோயிற்று.

கவலைக்கு இருக்கும் கவலைகளைப் பார்க்கலாம். நில அளவை அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் நிரந்தர வேலை. ஐந்து மணிக்கு வீடு. முப்பத்திரண்டு பல்லும் உறுதி. வாரத்தில் மூன்று நாள் அவனுடைய அக்கா இரண்டு தெரு தள்ளியிருந்து கேரியரில் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். இப்படிப்பட்ட பஞ்சத்தில் ஒரு கலைஞன் துக்கத்துக்கு எங்கே போவான்? தேடினான். மழை வந்தால் ஜன்னல் பக்கம் நாற்காலியை நகர்த்திப் போட்டான்; சாரல் அடித்ததும் கிட்டாருக்கு ஆகாது என்று திரும்ப இழுத்துப் போட்டான். பேருந்து நிறுத்தத்தில் “இது ஆஸ்பத்திரி பக்கம் போகுமா?” என்று கேட்டுவிட்டு, அவன் தெரியாது என்றதும் வேறு ஒருவரிடம் கேட்கப் போன பெண்ணை ஒன்றரை வருடம் பிரிந்திருந்தான்.

விரல் நுனியில் கம்பி பட்டுப் பட்டுக் காய்த்துப்போவது கிட்டார் கற்பவர்கள் எல்லோருக்கும் நடப்பது. துக்கக் கிட்டார்காரருக்கு அது விழுப்புண். பார்க்கிறவர்களிடமெல்லாம் தொட்டுப் பார்க்கச் சொல்லுவார். கவலை ஒருநாள் அக்காவிடம் விரலை நீட்டினான்.

“தொட்டுப் பாருக்கா. கல்லு மாதிரி ஆயிடுச்சு.”

அக்கா கேரியரை இறக்கி வைத்துவிட்டு, தன் உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தொட்டுப் பார்த்தார். அந்த உள்ளங்கை பத்தொன்பது வருடமாக ப்ளீச்சிங் தண்ணீரில் ஊறியது. ரேகை பார்ப்பவர் யாராவது பிடித்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்.

“ஆமாண்டா, கொஞ்சம் காச்சிருக்கு. எண்ணெய் தடவு” என்றார்.

அக்காவைப் பற்றி இனி ஒழுங்காகச் சொல்ல வேண்டும். ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை. படுக்கை விரிப்பு, தலையணை உறை, அறுவை அரங்கின் பச்சைத் துணி எல்லாம் அங்கேதான் வரும். பதினாறு பெண்கள், நாலு மெஷின்கள். அக்கா பள்ளியை நிறுத்திவிட்டு அங்கே சேர்ந்ததால்தான் தம்பி பட்டம் வாங்கினான். அவர்கள் வீட்டில் அதற்கு முன்பு கல்லூரி வாசலை யாரும் மிதித்ததில்லை. வேலை செய்யும்போது அக்கா பாடுவார். சொந்தமாகக் கட்டிய பாட்டு. ஒவ்வொரு அடியையும் இரண்டு தடவை பாடிவிட்டு, மூன்றாவதாக ஒரு பதில் அடி போடுவார்.

“ஏன்க்கா ரெண்டு தடவ?” என்று நான் கேட்டிருக்கிறேன்.

“மொத தடவ மெஷின் சத்தத்துல எவளுக்கும் கேக்காது தம்பி. ரெண்டாவது தடவ கேக்கும். அதுக்குள்ள மூணாவது என்னன்னு எனக்குத் தோணிடும்.”

இரண்டு தடவை ஒரே அடி, பிறகு ஒரு பதில். ப்ளூஸ் பாட்டு கட்டப்படும் முறை அதுதான் என்று கவலை எனக்கு நூறு தடவையாவது வரைந்து காட்டியிருப்பான். தன் அக்கா அதைத்தான் பாடுகிறார் என்பது மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை. அக்கா சிரித்துக்கொண்டே பாடுவாரே, அது எப்படி ப்ளூஸ் ஆகும்?

போன வருடம் சலவைப் பிரிவை மூடப் போவதாகச் சொன்னார்கள். துணியெல்லாம் இனி வெளியே போகும். பெண்களை வார்டு, சமையல், குப்பை என்று ஆளுக்கொரு பக்கம் பிரித்துப் போடுவார்கள். கடைசி நாள் மதியம் ஒரு சின்னக் கூட்டம். கண்காணிப்பாளர் வருகிறார். இந்தக் கண்காணிப்பாளர் பத்தொன்பது வருடத்தில் சலவைப் பிரிவுக்குள் வந்தபோதெல்லாம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே வந்தவர். அவரைப் பற்றியும் அக்காவிடம் ஒரு பாட்டு உண்டு. மெஷின் சத்தத்துக்குள் பதினாறு பேரும் ஆயிரம் தடவை பாடிச் சிரித்த பாட்டு. அவர் காதில் விழும்படி ஒரே ஒரு தடவை பாட வேண்டும். பதினாறு பேரும் ஒன்றாக இருக்கும் கடைசி மதியம் அது. அதை விட்டால் வேறு நாள் கிடையாது.

அக்கா தம்பியிடம் வந்து கேட்டார். “நீ ஒண்ணும் பண்ண வேணாம்டா. பின்னாடி டக்கு டக்குன்னு தட்டிக்கிட்டே இரு. இத்தன நாளு மெஷினு தட்டுச்சு. அன்னிக்கு மெஷின நிறுத்திடுவாங்களாம். சத்தமே இல்லாம பாடணும்னா எனக்குக் கூச்சமா இருக்கு.”

வேறு யாராவது இருந்தால் சரியென்று சொல்லிவிட்டுத் தட்டிப் பழகுவார்கள். கவலை நாலு நாள் கருப்புச் சட்டை தேடினான்.

ஒத்திகை எங்கள் அறையில் நடந்தது. அக்கா கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். இவன் முகத்தைத் தயார்செய்துகொண்டு ஆரம்பித்தான். நியாயமாகச் சொல்ல வேண்டும், எட்டு கட்டம் நன்றாகவே போயிற்று. அக்காவுக்கு முகம் மலர்ந்தது. ஒரே அடியை இரண்டு தடவை பாடிவிட்டுப் பதிலுக்கு வாயைத் திறந்தார். கிட்டார் நின்றுவிட்டது.

“என்னடா?”

“கொஞ்சம் சோகமா பாடுக்கா. இது மைனரு.”

“அதுக்கு நான் என்னடா பண்றது? சிரிப்பா வர்ற எடத்துல அழவா முடியும்? சரி, ஏன் நிறுத்துன?”

கவலை கண்ணைத் திறக்கவில்லை. “அந்த எடத்துல ஒரு மௌனம் வருது.”

“மௌனம் வந்தா நான் எங்கடா நிக்கிறது?”

வாசகரே, அவன் இடது கையை நான் அன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தேன். ஆறு வருடமாக அந்த மௌனத்தை ஆழமான ஏதோ ஒன்று என்று நம்பி, அது வரும்போதெல்லாம் டம்ளரைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தவன் நான். ஒன்பதாவது கட்டத்தில் வருவது எஃப். அதற்கு ஆள்காட்டி விரலைப் பட்டையாகப் படுக்கவைத்து ஆறு கம்பியையும் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். கிட்டார் பழகுகிறவர்களில் பாதிப் பேர் அங்கேதான் விழுவார்கள். விழுந்து, திட்டிக்கொண்டு, எழுந்து பழகிவிடுவார்கள். இவனுக்கும் வரவில்லை. வராததைச் சொல்ல வெட்கமாக இருந்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டான். கேட்டவர்கள் உருகிவிட்டார்கள். பிறகு எதற்குக் கற்றுக்கொள்வான்?

கம்பி விற்கும் கடைக்காரரிடம் அவனை நானே இழுத்துக்கொண்டு போனேன். அவர் பல்குச்சியை வாயிலிருந்து எடுக்காமலே வழி சொன்னார்.

“எஃப்பு வரலன்னா அங்கயும் டி மைனரையே தட்டிட்டுப் போப்பா. நெறையப் பேரு அப்பிடித்தான் வாசிக்கிறான். பாடுறவங்களுக்குப் பாதை இருந்தாப் போதும்.”

“அது நேர்மையா இருக்காதுங்க” என்றான் கவலை.

கடைக்காரர் பல்குச்சியை எடுத்துவிட்டார். “அப்ப நிக்கிறது நேர்மையா?”

அந்தக் கடைக்காரருக்கு வலி தெரியாது என்று திரும்பி வரும்போது தெருமுனையில் கவலை சொன்னான்.

கடைசி நாள் மதியம் நானும் போயிருந்தேன். நாலு மெஷினும் வாயைத் திறந்தபடி சும்மா நின்றன. பெண்கள் துணிக்கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கண்காணிப்பாளருக்கு நாற்காலி. அன்றைக்கு நாற்றம் எதுவும் இல்லை, இருந்தும் பழக்கதோஷத்தில் கைக்குட்டையைக் கையில் வைத்திருந்தார். கவலை கருப்புச் சட்டையில், ஒரு சோப்புப் பெட்டியின் மேல் உட்கார்ந்து ஜிப்பைத் திறந்தான்.

அக்கா முதல் பாட்டை ஆரம்பித்தார்.

“வெள்ளத் துணி தொவைக்கிறேன், யாரு படுத்த துணியோ,
வெள்ளத் துணி தொவைக்கிறேன், யாரு படுத்த துணியோ...”

கிட்டார் நின்றது. அக்கா ஒரு நொடி தடுமாறி, வெறும் காற்றில் காலை வைப்பதுபோல மூன்றாவது அடியைத் தனியாகப் போட்டார்.

“கொணமானவங்க வீடு போயாச்சு, கறை மட்டும் என் கணக்கோ.”

சுருதி கொஞ்சம் பிசகியது. பெண்கள் சிரித்தார்கள், ஆனால் ஒருத்தி முந்தி ஒருத்தி பிந்தி. அக்கா கவலையிடம் குனிந்தார். “அடுத்தது அவரு பாட்டு. அந்த எடத்துல நிக்காதடா, என்ன? எதையாவது தட்டு.”

கவலை தலையை ஆட்டினான். நன்றாக, இரண்டு தடவை ஆட்டினான். நான் பார்த்தேன். அக்கா அதை நம்பினார்.

“மேலதிகாரி வந்தாரு, மூக்கப் பொத்தி நின்னாரு...”

கூடைகளின் மேல் பதினைந்து பேரும் நிமிர்ந்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். கண்காணிப்பாளர் தன்னைப் பற்றிப் பாடுகிறார்கள் என்று புரிந்து, பெருமையாகக் காலை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

“மேலதிகாரி வந்தாரு, மூக்கப் பொத்தி நின்னாரு...”

அடுத்து வர வேண்டிய அடி இது: அவரு சட்டக் காலரு அழுக்கு, அத யாருகிட்டச் சொன்னாரு.

கவலை கண்ணை மூடினான்.

அக்கா அவன் கைக்காகக் காத்தார். ஒரு மூச்சு நேரம், அதற்கு மேல் இல்லை. அந்த ஒரு மூச்சில் கண்காணிப்பாளர் பாட்டு முடிந்தது என்று எண்ணிக் கைதட்டினார். அவர் தட்டியதும் அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் தட்டினார்கள். “ரொம்ப உருக்கம். என்னையும் ஞாபகம் வெச்சுப் பாடினீங்க பாருங்க” என்று எழுந்து, சுத்தம் பற்றி இருபத்தைந்து நிமிடம் பேசினார். பேசி முடிக்கும்போது மணி நாலு. வார்டுக்காரர்கள் ஆளைக் கூட்டிப்போக வந்துவிட்டார்கள். கண்காணிப்பாளர் போகிற வழியில் கவலையின் தோளைத் தட்டினார். “தம்பி, அந்தக் கடைசி மௌனம் இருக்கே, அதுதான் பாட்டு” என்றார்.

கவலைக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பி வரும்போது அவன் சொன்னான், “அந்த எடத்துல எனக்குள்ள ஏதோ ஆயிடுச்சுக்கா.”

“ஆயிடுச்சா? சரி” என்றார் அக்கா. கொஞ்ச தூரம் நடந்தபின் கேட்டார். “ஒரு நாளைக்கு வீட்டுல வெச்சு முழுசா வாசிக்கிறியா? நடுவுல நிக்காம. ஒரே ஒரு தடவ போதும். அவளுங்கள்ல வர்ற நாலு பேரையாவது கூப்புட்டு, பாடி முடிச்சுடறேன்.”

“கண்டிப்பாக்கா.”

இதையெல்லாம் எழுதும் எனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டிலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். கல்லூரி விண்ணப்பத்தில் என் அம்மாவின் கைகளைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். நல்ல பத்தி. படித்தவர்கள் உருகி இடம் கொடுத்தார்கள். அம்மாவிடம் அதை இதுவரை வாசித்துக் காட்டவில்லை. காட்டினால், “இதெல்லாம் இருக்கட்டும், அந்த வாளிய எறக்கி வை” என்பார். பயமாக இருக்கிறது.

நீங்கள் தப்பித்துவிட்டீர்கள். கிட்டாரைத் தொட்டதே இல்லை. உங்களிடம் யாராவது, பெரிய விஷயம் ஒன்றும் வேண்டாம், பக்கத்தில் இருந்து டக்கு டக்கென்று தட்டிக்கொண்டிரு என்று கேட்டிருக்கிறார்களா? ஒரு படிவம் நிரப்பித் தரச் சொல்லி, ஒரு மருத்துவரிடம் கூட வரச் சொல்லி, பாட்டியா பெரியம்மாவா யாரோ ஒருவருடைய போனை ஞாயிற்றுக்கிழமை எடுக்கச் சொல்லி? நீங்கள் தலையை ஆட்டினீர்களா, நன்றாக, இரண்டு தடவை? பிறகு அவர்களை நினைத்து மனம் கனத்துப்போய் உட்கார்ந்திருந்தீர்களா? ரொம்ப உருக்கம். விரலை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

பதின்மூன்று மாதமாகிறது. கண்காணிப்பாளர் ஓய்வுபெற்று வேறு ஊருக்குப் போய்விட்டார், காலரோடு. பதினாறு பேரில் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டார்கள், ஒருவருக்கு முழங்கால் போய்விட்டது, படி ஏற முடியாது. அக்கா இப்போது ஆறாவது வார்டில். அங்கே பாடக் கூடாது, நோயாளிகள் தூங்குவார்கள். கேரியர் மட்டும் மூன்று நாளும் தவறாமல் வருகிறது. போன வாரம் அதை வைக்கும்போது, “என்னடா, பன்னெண்டும் ஆச்சா?” என்று கேட்டார்.

“ரிதம் இப்போதைக்கு நிறுத்தி வெச்சிருக்கேன்க்கா” என்றான் கவலை. “லீடு கத்துக்கிட்டிருக்கேன்.”